உதவி கடனாகும்போது: அமெரிக்க வீட்டுக்கடன் உதவியும் திருப்பித் தரும் தொகையின் வரி நிலையும், 1968–2021

1929இல் ஓல்டு காலனி டிரஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அமெரிக்கன் உல்லன் கம்பெனி, தன் தலைவர் வில்லியம் உட் கட்ட வேண்டிய வருமான வரியைத் தானே கட்டியிருந்தது. அந்தத் தொகையும் உட்டின் வருமானமே என்றது நீதிமன்றம். ஒருவர் கொடுக்க வேண்டியதை இன்னொருவர் கொடுத்து முடித்தால், அந்தப் பணம் முதலாமவரின் கைக்கு வந்ததாகவே கொள்ளப்படும். இதை அப்படியே நீட்டினால், ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்கடன் வட்டியை அரசு கட்டும்போது அந்தக் குடும்பத்துக்கு வரி விழ வேண்டும். விழவில்லை. பொது நலன் கருதி, தேவையுள்ளவருக்கு அரசு கொடுக்கும் உதவி வருமானம் ஆகாது என்ற நிலைப்பாட்டை 1930களின் இறுதியிலிருந்தே வருமான வரித்துறை வளர்த்து வந்திருந்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டப் பிரிவு அன்று அது. துறையே தன் விளக்கங்களால் கட்டியெழுப்பிய விலக்கு.

உதவி வரும்போது நடப்பது இது. அதே உதவியை அரசு பின்னாளில் திருப்பிக் கேட்டால் வரிச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பதை ஆய்வுலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

தொடக்கம் 1968. லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டம், 1934ஆம் ஆண்டுத் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தில் 235ஆம் பிரிவைச் சேர்த்தது. குடும்பம் தன் வருமானத்தில் 20 சதவீதத்தைத் தவணைக்குத் தரும். மிச்சத்தை மத்திய வீட்டுவசதித் துறை கடன் கொடுத்தவருக்கு நேராகக் கட்டும். குடும்பத்தின் மேல் விழும் வட்டி 1 சதவீதம் வரை இறங்கலாம். டெட்ராய்ட் போன்ற நகரங்களில் இடிந்து விழும் வீடுகளுக்குக் கூடுதல் மதிப்புப் போட்டு ஏழைகளின் தலையில் கட்டிய ஊழல்கள் வெளிவர, 1973 ஜனவரியில் நிக்சன் அரசு புதிய மானியங்களை நிறுத்தி வைத்தது. திட்டம் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில்தான் அதன் வரி நிலை தெளிவானது. அரசு கட்டும் தொகை குடும்பத்தின் வருமானம் அன்று என 1975இல் வருமான வரித்துறை விளக்கம் வெளியிட்டது. கூடவே மறுபாதியும் நிலைபெற்றது: அரசு கட்டிய வட்டியைக் குடும்பம் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. வரி இல்லாமல் வந்ததற்குக் கழிவும் இல்லை. நியாயமான சமன்பாடுதான்.

திட்டம் திருத்தங்களுடன் மீண்டும் உயிர்பெற்றபோது அந்தச் சமன்பாட்டுக்குச் சோதனை வந்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து வழங்கப்பட்ட கடன்களில் மீட்பு விதி நுழைந்தது. வீட்டை விற்றால், அதுவரை பெற்ற உதவி அல்லது வீட்டின் நிகர மதிப்பு உயர்வில் பாதி, இரண்டில் எது குறைவோ அதை அரசிடம் திருப்பித் தர வேண்டும். மானியமாக நுழைந்த பணம் வீட்டின் மேல் உட்கார்ந்த கடனாக மாறிவிட்டது. இப்படித் திருப்பிக் கொடுத்ததற்கு வரிக் கழிவு கேட்கலாமா? 1951இல் லூயிஸ் வழக்கில், தவறாகக் கணக்கிட்டுத் தரப்பட்ட போனஸைப் பின்னர் திருப்பிக் கொடுத்த ஊழியர், கொடுத்த ஆண்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1954ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் 1341ஆம் பிரிவு அந்த நிவாரணத்தை மேலும் விரித்தது. ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: அந்தப் பணம் முன்பு வருமானமாகக் காட்டப்பட்டு வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும். 235ஆம் பிரிவு உதவி ஒருநாளும் வருமானமாகக் காட்டப்பட்டதில்லை. ஆகவே இந்தக் கதவு மூடியே இருந்தது.

1988 இந்த வரலாற்றின் திருப்புமுனை. மாநில வீட்டுவசதி முகமைகள் வரிவிலக்குப் பத்திரங்களை விற்றுத் திரட்டிய பணத்தில் முதல் வீடு வாங்குவோருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து வந்தன. அரசு யாருக்கும் நேராகப் பணம் கொடுக்கவில்லை. அது இழந்தது வரி வருவாயை. இழந்தது வரியானால் மீட்பதும் வரியாகவே இருக்கட்டும் என்று நாடாளுமன்றம் முடிவெடுத்தது போலும். 1990 டிசம்பர் 31க்குப் பிறகு கிடைத்த கடனில் வாங்கிய வீட்டை 9 ஆண்டுகளுக்குள் விற்றால், கடனின் உச்ச அசலில் 6.25 சதவீதத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு கூடுதல் வரி. அதற்கென்றே படிவம் 8828. 80,000 டாலர் கடனுக்கு 5,000 டாலர். முதல் ஆண்டில் விற்றால் அதில் 20 சதவீதம். ஐந்தாம் ஆண்டில் முழுத்தொகை. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து ஒன்பதாம் ஆண்டில் மறுபடி 20 சதவீதம். குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாவிட்டால் வரியே இல்லை. விற்பனை ஆதாயத்தில் பாதிக்கு மேல் போகாது என்ற உச்சவரம்பும் உண்டு.

அந்தப் பாதி, 235ஆம் பிரிவின் மீட்பு விதியில் நாம் பார்த்த அதே பாதி. கணக்கு பழையது, வசூலிக்கும் கை மட்டும் வீட்டுவசதித் துறையிலிருந்து வருமான வரித்துறைக்கு மாறியது. மாற்றம் சின்னதாகத் தெரிந்தாலும் விளைவு கடுமையானது. வீடு விற்ற ஆதாயம் வரிவிலக்கு பெற்றாலும் இந்த வரி விழும். கட்டிய வரியை வீட்டின் அடக்கவிலையில் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. வாங்குபவர்கள் மிரண்டார்கள். பிற்காலத்தில் பல மாநில முகமைகள், இந்த வரி விழுந்தால் நாங்களே ஈடு செய்கிறோம் என்று விளம்பரம் செய்யும் நிலைக்கு வந்தன. ஒரு கை வசூலிப்பதை இன்னொரு கை திருப்பிக் கொடுக்கும் வேடிக்கை இது.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் உதவித் திட்டங்களை வகுத்தவர்கள் 1988இன் வழியில் போகவில்லை. அவர்கள் முன் வேறொரு மாதிரி இருந்தது. பென்சில்வேனியா மாநிலம் 1983 முதலே வேலை இழந்த வீட்டுக்காரர்களுக்குத் தவணைப் பணத்தைக் கடனாகக் கொடுத்து வந்தது. 2010இல் ஒபாமா அரசு 18 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் ஒதுக்கிய நெருக்கடி நிதியிலும், மறு ஆண்டு வந்த அவசரக்கடன் திட்டத்திலும் பரவலாக ஒரே வடிவம்: வட்டியில்லாத இரண்டாம் அடமானம். ஆண்டுக்கு 20 சதவீதம் வீதம் ஐந்தாண்டில் தள்ளுபடி என்பது வழக்கமான ஏற்பாடுகளில் ஒன்று. இரண்டரை ஆண்டில் வீட்டை விற்றவர், தள்ளுபடியாகாத மிச்சத்தை விற்பனைப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டுப் போகலாம். அடமானத்தை அடைப்பது அசலை அடைப்பது. அசலுக்கு என்றுமே வரிக் கழிவு கிடையாது. மீட்பு வரிப் படிவத்தை விட்டு வெளியேறி மீண்டும் பத்திரப்பதிவுக்குப் போயிற்று.

சிக்கல் மூல வீட்டுக்கடனின் வட்டியில் மிஞ்சியது. அரசு கொடுத்த பணம் மானியமானால் அதில் போன வட்டிக்குக் கழிவில்லை. அதுவே மூன்றாம் தரப்பிடம் வாங்கிய உண்மையான கடனானால் கழிவு உண்டு. தள்ளுபடியாகக்கூடிய கடன் இதில் எந்தப் பக்கம்? ஒரே தவணையில் குடும்பத்தின் பணமும் அரசின் பணமும் கலந்திருக்கும்போது எது அசலுக்குப் போனது, எது வட்டிக்கு? 2011இல் வருமான வரித்துறை இந்தக் கேள்விகளுக்குள் இறங்காமல் ஒரு குறுக்குவழி தந்தது. உதவி வருமானம் அன்று; வீட்டுக்காரர் தன் கையிலிருந்து கட்டியதை, கடன் நிறுவனம் ஆண்டறிக்கையில் காட்டும் வட்டி முதலான தொகைகளின் வரம்புக்குள், கழித்துக்கொள்ளலாம். அதாவது அவர் கட்டிய டாலர் முதலில் வட்டிக்கே போனதாக வைத்துக்கொள்வது. 1975இன் கறாரோடு ஒப்பிட்டால் இது தாராளம். கோட்பாட்டில் பார்த்தால் ஓட்டை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் ஏறத்தாழ 1,000 கோடி டாலரில் வீட்டுக்காரர் உதவி நிதி உருவானபோது, வருமான வரித்துறை அதே வழியை 2021 முதல் 2025 வரையிலான வரி ஆண்டுகளுக்கு எடுத்து வைத்தது.