பெரிய பாஸஸ் பாறையில் கிடந்த ஹிஜ்ரி 1113

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மாலைதீவுக்குப் போய் வருபவர்கள் போடும் படங்களில் இப்போது அடிக்கடி ஒன்றைப் பார்க்கிறோம். ஒரு வாரம் முழுக்கப் படகிலேயே சாப்பாடு, படகிலேயே உறக்கம். நாளுக்கு மூன்று, நான்கு தடவை முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்கள். இதற்கு ‘லிவ்அபோர்ட்’ என்று பெயர். மாலைதீவில் சுற்றுலாத் தொழில் தொடங்கியதே 1972 இல்தான். அதற்கும் பத்து வருடம் முன்னர், நமது நாட்டின் தென்கிழக்குக் கடலில் நாள்கணக்கில் தங்கி நின்று சுழியோடிய ஒரு சிறு கூட்டம் இருந்தது. அவர்கள் கண்டெடுத்த பொருளில் ஒரு ஹிஜ்ரி ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பொத்துவிலில் இருந்து கரையோரமாகத் தெற்கே போனால் ஒக்கந்தை, குமண, யால காடுகள், பிறகு கிரிந்த. கிரிந்த நமது மலாய் சகோதரர்கள் தலைமுறைகளாக வாழும் ஊர். அந்தக் கரைக்கு நேரே, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் கடலுக்குள் ஒரு பாறைத்தொடர் இருக்கிறது. ஆங்கிலேயர் அதற்கு ‘கிரேட் பாஸஸ்’ என்று பெயர் எழுதினார்கள். கடலடிப் பாறை, ஆழமற்ற இடம் என்ற பொருள் தரும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது அது. சிங்கள மக்கள் ‘மகா ராவண கோட்டுவ’ என்பார்கள். வடகிழக்கே இன்னும் தள்ளி ‘சின்ன பாஸஸ்’ இருக்கிறது.

தெய்வேந்திரமுனையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் திரும்பும் கப்பல்களுக்கு இந்தப் பாறை ஒரு பொறி. கரை தூரத்தில் இருக்கிறதே, பயமில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் அது கிடக்கிறது. பகலில் வெள்ளை நுரை தெரியும், இரவில் ஒன்றும் தெரியாது. 1873 இல்தான் அங்கே வெளிச்சவீடு எரியத் தொடங்கியது. ஸ்கொட்லாந்தில் வெட்டிய கருங்கற்களைக் கப்பலில் கொண்டுவந்து, நடுக்கடலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, 37 மீற்றர் உயரத்துக்குக் கட்டினார்கள். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் அந்த வழியால் போன மாலுமிகளுக்கு நட்சத்திரமும் அனுபவமும் துஆவும் தவிர வேறு துணை இல்லை.

இனி 1961 க்கு வருவோம். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சீ. கிளார்க்கை எல்லோருக்கும் தெரியும். 1956 இல் இலங்கைக்கு வந்து இங்கேயே குடியிருந்தவர். அவரை இங்கே இழுத்தது விண்வெளி அல்ல, கடல். அவருடைய கூட்டாளி மைக் வில்சன் என்ற ஆங்கிலேயர், நல்ல சுழியோடி, நீருக்கடிப் படப்பிடிப்பாளர். 1943 இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கனியானும் உருவாக்கிய சுவாசக் கருவி உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை மூச்சை அடக்கி ஒன்றிரண்டு நிமிடம் மட்டுமே கடலடியைக் கண்ட சாதாரணச் சுழியோடிகளும் அங்கே நின்று நிதானமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

1961 மார்ச் மாதம் வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு பெரிய பாஸஸுக்குப் போனார். நோக்கம் படப்பிடிப்பு. அந்தக் கடல் வருடத்தில் சில வாரங்கள்தான் மனிதனுக்கு இடம் கொடுக்கும். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன் உள்ள இடைவெளி அது. அப்போதும்கூட பாறைமேல் உடையும் அலை சுழியோடியை முன்னுக்குத் தள்ளும், பின்னுக்கு இழுக்கும். அந்த இழுபறிக்குள் அவர்கள் கண்ணில் பட்டவை சிறிய வெண்கலப் பீரங்கிகளும், பவளக்கல்லோடு ஒட்டிக் கிடந்த வெள்ளிக் காசுகளும்.

சில காசுகள் தனியாகக் கிடந்தன. பல, கட்டியாக ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கட்டிகளின் உருவமே ஒரு செய்தி. பையில் நிரப்பிக் கட்டிய காசு எந்த உருவத்தில் இருக்குமோ, அதே உருவம். பைத்துணி போய்விட்டது, பையின் வடிவம் நின்றுவிட்டது. ஒரு பையில் ஆயிரம் காசு. ஒரு ரூபாய் ஏறத்தாழ 11½ கிராம் என்றால், ஒரு பை பதினொன்றரை கிலோ. வெளிப்பக்கத்துக் காசுகளை உப்புநீர் அரித்துக் கறுப்பாக்கியது. அந்தக் கறுப்புப் படலமும் அதன்மேல் வளர்ந்த சுண்ணாம்பும் உள்ளே இருந்த காசுகளைக் காத்தன. அதனால் நடுவில் இருந்தவை அச்சடித்த நாளில் இருந்தது போலவே வெளியே வந்தன.

அந்தக் காசில் என்ன எழுதியிருந்தது? ஒரு பக்கம் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ஆலம்கீரின் பெயர் சொல்லும் பாரசீக ஈரடி. மறுபக்கம் அச்சடித்த ஊர், சூரத். ஆண்டு ஹிஜ்ரி 1113. ஆங்கில ஆண்டுக் கணக்கில் 1701 நடுப்பகுதி முதல் 1702 நடுப்பகுதி வரை. முந்திய முகலாய அரசர்களின் காசுகளில் கலிமா பொறிக்கப்பட்டிருக்கும். கலிமா கண்ட கண்ட இடங்களில் விழுந்து மிதிபடக் கூடாது என்று அதை நிறுத்தியவர் ஔரங்கசீப். அதனால் இந்தக் காசுகளில் கலிமா இல்லை.

ஒரே ஊர், ஒரே ஆண்டு. வகுப்பில் பிள்ளைகளுக்கு மூலாதாரம் பற்றிப் படிப்பிக்கும்போது நான் இந்தக் காசைத்தான் உதாரணமாகச் சொல்வேன். கடைத்தெருவில் புழங்கிச் சேர்ந்த பணம் என்றால் பல ஊர், பல ஆண்டு கலந்திருக்கும். இது நாணயச்சாலையில் இருந்து எண்ணிக் கட்டிய பையோடு நேரே கப்பலுக்கு வந்த பணம். ஆகவே கப்பல் 1702 ஐ ஒட்டிய காலத்தில் உடைந்திருக்க வேண்டும். ஒரு காகிதமும் இல்லாமல், காசே சாட்சி சொல்கிறது.

சூரத் அப்போது சாதாரண ஊர் அல்ல. இந்தியாவின் மேற்குக் கரையில் முகலாயரின் தலைவாசல் அது. இந்துஸ்தானத்து ஹாஜிகள் கப்பல் ஏறியதும் அங்கே இருந்துதான். செங்கடலில் மொக்கா துறைமுகத்துக்குத் துணியை ஏற்றிப்போய், திரும்பும்போது வெள்ளி கொண்டுவருவார்கள். அந்த வெள்ளியில் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் தோண்டியது. ஐரோப்பா கடந்து, அரபு வணிகர் கைமாறி, சூரத் நாணயச்சாலையில் உருகி ஆலம்கீரின் ரூபாயாக மாறும். முல்லா அப்துல் கஃபூர் என்ற போஹ்ரா வணிகருக்கு அங்கே தனியே ஒரு கப்பல் கூட்டமே இருந்தது. ஐரோப்பியக் கம்பனிகளே அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டன.

கடல் பாதுகாப்பாகவும் இருக்கவில்லை. 1695 இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் முதலில் அப்துல் கஃபூரின் ஒரு கப்பலையும், அடுத்து ஹாஜிகளோடு திரும்பிக்கொண்டிருந்த பேரரசரின் ‘கன்ஜே சவாய்’ கப்பலையும் கொள்ளையடித்தான். கோபத்தில் சூரத்தில் இருந்த ஆங்கிலேயர்களைப் பேரரசு சிறை வைத்தது. பெரிய பாஸஸ் கப்பல் அதற்குப் பிந்திய சில வருடங்களைச் சேர்ந்தது. அதில் பீரங்கி இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இலங்கைக் கரையில் அப்போது ஒல்லாந்தர் ஆட்சி. நமது முன்னோரின் கடல் வியாபாரத்தை அவர்கள் எப்படி நெருக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் இந்தக் கடல்வழி ஒல்லாந்தருக்கு முன்பிருந்தே நம்மவர்களுக்குப் பழக்கமானது. 1344 இல் இப்னு பதூதா தெய்வேந்திரமுனை, காலி, கொழும்பு என்று இந்தக் கரையோரமாகவே போனார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ காலியில் விட்டுச்சென்ற மும்மொழிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. இன்றும் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில்! இந்தக் கரையில் யார் யார் வந்து போனார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மீண்டும் பாறைக்கு வருவோம். 1962 இல் கிளார்க் உடல் செயலிழந்து படுக்கையில் கிடந்தார். வில்சன் ‘ரன்முத்து தூவ’ படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படம் அது. நீருக்கடிக் காட்சிகளும் புதையலும் கலந்த கதை. 1963 ஏப்ரலில் கடல் அமர்ந்தபோது மறுபடியும் புறப்பட்டார்கள். இந்த முறை பீட்டர் த்ரொக்மோர்ட்டன் என்ற அமெரிக்கரும் வந்தார். 1960 இல் துருக்கியின் கெலிடோனியா முனையில் மூவாயிரம் வருடத்துக்கு முந்திய கப்பலைக் கடலுக்கடியிலேயே முறைப்படி அகழ்ந்த குழுவில் இருந்தவர் அவர். எடுப்பதற்கு முன் அள, வரை, குறித்துவை என்ற ஒழுங்கு அவரோடு வந்தது. இலங்கையின் புகழ்பெற்ற சுழியோடி ரொட்னி ஜொங்க்லாஸும் இந்தப் பணியில் இருந்தார். இன்றைய லிவ்அபோர்ட் சொகுசு எதுவும் இல்லாத சிறிய படகு, ஆடிக்கொண்டே இருக்கும் கடல், எப்போது முறியும் என்று சொல்ல முடியாத காலநிலை. அடுத்த வருடம் கிளார்க் இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார். உலகம் அறிந்தது அந்தப் புத்தகம் வழியாகத்தான்.

எனக்கு மனம் கனப்பது இதற்குப் பிறகுதான். அந்தக் கப்பலின் பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது. நாக்குதா யார், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் கரை சேர்ந்தார்கள், எங்கே அடங்கினார்கள், ஒன்றும் பதிவில் இல்லை. காசுகள் பல கைகளுக்குப் போயின. இன்று வெளிநாட்டு ஏலங்களில் ‘தாஜ்மஹால் புதையல்’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். தாஜ்மஹாலைக் கட்டியது ஔரங்கசீப்பின் தந்தை ஷாஜஹான். அவர் இறந்தது 1666 இல். காசுக்கும் தாஜ்மஹாலுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். விற்பதற்குத் தோதான பெயர் மிஞ்சியது, உண்மையான பெயர் போய்விட்டது.

இதே வில்சன் 1956 இல் திருகோணமலை சுவாமி மலையடியில் சுழியோடியபோது, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களையும் ஒரு லிங்கத்தையும் கண்டெடுத்தார். அது என்ன, யாருடையது என்று சொல்ல அந்த ஊரில் மக்கள் இருந்தார்கள். அது கோயிலுக்கே திரும்பிப்போய் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பெரிய பாஸஸ் வெள்ளியை ‘இது எங்கள் கடலின் வரலாறு’ என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. உரிமை கோருவது பணத்துக்காக அல்ல. கதையைக் காப்பாற்றுவதற்காக.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 1659 இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் ‘அவொன்ட்ஸ்டர்’ஐ நமது நாட்டுப் பிள்ளைகளே பயிற்சி பெற்று அகழ்ந்தார்கள். அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கப்பல் இருப்பதை முதலில் கண்டது பேராசிரியர்கள் அல்ல, அங்கே கடலுக்குள் இறங்கித் தொழில் செய்யும் சாதாரண மனிதர்கள். நூறு வருடத்துக்கு மேல் கடலடியில் கிடக்கும் பொருளை முடிந்தவரை இருந்த இடத்திலேயே காக்க வேண்டும், வியாபாரமாக்கக் கூடாது என்று யுனெஸ்கோவின் 2001 ஆம் ஆண்டு சாசனம் சொல்கிறது. காரணம் எளியது. ஒரு காசு எடுத்தவன் கையில் வெறும் வெள்ளி. அதே காசு கிடந்த இடத்தில், பக்கத்தில் இருந்த மரத்துண்டோடும் நங்கூரத்தோடும் சேர்ந்தால் வரலாறு.

ஆகவே கடலுக்குப் போகும் சகோதரர்களுக்கும், சங்குக்கும் அட்டைக்கும் சிலிண்டரோடு இறங்கும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வலையில் பழைய சாடியோ, பித்தளையோ, எழுத்துள்ள காசோ பட்டால் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அறிவிப்பது சட்டப்படியும் கடமை. பெற்றோரே, நீந்தத் தெரிந்த, வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், கடல்சார் தொல்லியல் என்று ஒரு படிப்பு இருப்பதை அவனுக்கோ அவளுக்கோ சொல்லுங்கள். அரபும் பாரசீகமும் வாசிக்கத் தெரிந்த, சுழியோடவும் தெரிந்த ஒரு பிள்ளை நமது சமூகத்தில் இருந்து வந்தால், கடலடியில் இன்னும் கிடக்கும் எத்தனையோ எழுத்துக்களுக்கு வாசகர் கிடைப்பார்.

உங்கள் வாப்பாமார், மூத்தவாப்பாமார் சொன்ன பழைய கப்பல் கதைகள், ‘இந்த இடத்தில் வலை போட்டால் மாட்டும்’ என்று சொன்ன இடங்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து தொகுக்க ஆசை. எழுதாமல் விட்டால் அவையும் அந்தக் கப்பலின் பெயரைப் போலவே போய்விடும்.