வன்னி உழவனின் வமிசாவளி

வன்னியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் கற்சிலைமடுவிலே தொடங்குவர். 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி ஆங்கிலேயரின் படைத்தலைவனான கப்டன் வொன் டிறிபேக் பண்டாரவன்னியனை அவ்விடத்துக்கு அண்மையில் முறியடித்தான் என்னும் செய்தியை ஆங்கிலத்திற் பொறித்து அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றவன் பெயரும் தோற்றவன் பெயரும் அக்கல்லில் இடம்பெற்றன. அது காலபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் பருவம். அப்பருவத்தில் அந்த மண்ணிலே ஏர் பிடித்து நின்றவன் பெயரை எந்தக் கல்லும் சுமக்கவில்லை.

காடு வெட்டி, தூர்ந்த குளத்தைத் திருத்தி, முதற் போகம் விதைத்த ஓர் உழவர் குடும்பத்தின் முன்னோரை இன்று நாம் தேடப் புகுந்தால் எங்கே செல்வது? மேல்நாடுகளில் இத்தகைய தேட்டத்துக்கு இரு பெரும் வழிகள் உள. ஒன்று குடிசன மதிப்பீட்டு ஏடு; மற்றையது கல்லறைப் பதிவு. அங்கே ஒரு சாதாரண விவசாயியின் பேரன்கூட இவ்விரண்டையும் கொண்டு ஐந்தாறு தலைமுறை பின்னோக்கிச் சென்றுவிடுகின்றான். அவ்விரு வழிகளையும் வன்னியிலே நடந்து பார்ப்போம்.

முதலிற் கல்லறை. வன்னியைப் பற்றி எழுதியோருள் நாம் மறத்தற்கரியவர் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில நிருவாகி. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி 1895ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கைந்நூல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுவது. குளங்கள், ஊர்கள், நோய்கள், மக்களின் வழக்கங்கள் யாவற்றையும் அவர் அதிலே தொகுத்தார். அதே லூயிஸ் 1913ஆம் ஆண்டில் இலங்கையிலுள்ள கல்லறைச் சாசனங்களுக்கும் ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டார். நினைவுக்கல் பெறாது மறைந்தோருக்கும் அதிலே ஒரு பகுதி ஒதுக்கினார். எனினும் அந்நூலை நிறைத்திருப்போர் பெரும்பாலும் ஐரோப்பியரே. காய்ச்சலால் மாண்ட படைவீரன், இளம் வயதிற் பிரிந்த துரைசானி, கச்சேரி உத்தியோகத்தன் ஆகியோரெல்லாம் அங்கே உளர். வன்னியின் குளங்களை எண்ணி எழுதிய கையே அக்கல்லறைகளையும் எண்ணி எழுதிற்று; ஆயினும் குளத்து நீரால் வயல் விளைத்தவன் இரண்டாம் நூலிலே இடம்பெறவில்லை. இஃது ஒருவரின் குற்றமன்று. அவனுக்குக் கல்லறை இருந்ததில்லை.

கரையோரத்துக் கத்தோலிக்க மக்களுக்குச் சேமக்காலைகள் உண்டு. கோயிற் பதிவேடுகளில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டன. ஆதலின் கடற்றொழிலாளி ஒருவனின் முன்னோரை ஓரளவு தேடிப் பிடிக்கலாம். முஸ்லிம் மக்களுக்குப் பள்ளிவாசலை அடுத்து மையவாடி உண்டு. உட்காட்டுச் சைவ உழவனுக்கோ சுடலை மட்டுமே. தீ மூட்டிய இடத்தில் அடுத்த மாரியிலே புல் முளைத்துவிடும். சாம்பர் கடலிற் கரைந்துவிடும்.

அப்படியாயின் நினைவே இல்லையா? உண்டு. அதற்கு நம்மவர் இட்ட பெயர் வியப்பூட்டுவது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது இறந்தவரைப் பற்றிச் சிறு நூலொன்றை அச்சிட்டு உறவினருக்கு வழங்குதல் ஈழத்துத் தமிழரிடையே நெடுநாள் வழக்கு. இறந்த ஆண்டு, மாதம், திதி கூறும் வெண்பா, பிறந்த ஊர், புகுந்த ஊர், மக்கள் மருமக்கள் புலம்பல், இறுதியில் வமிசாவளி என்பன அதிலே இருக்கும். காகிதத்தில் அச்சிட்ட அந்நூலை மக்கள் ‘கல்வெட்டு’ என்றே அழைக்கின்றனர். கல் கிடைக்காதவன் காகிதத்தைக் கல்லாக்கிக்கொண்டான் போலும். ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் தேடுவோர்க்கு இவை அரிய சான்றுகள். 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு வெளியீடுகள் பலவற்றைத் தொகுத்துவருதல் போற்றத்தக்கது.

ஆனால் இங்கும் நாம் ஏமாந்துவிடலாகாது. கல்வெட்டு அச்சிடப் பணம் வேண்டும். பாட ஒரு புலவர் வேண்டும். வயலுக்கு உரியவன் வீட்டில் அது அச்சேறியது. அவ்வயலிலே நாற்று நட்டவள் வீட்டிலும் சூடு மிதித்தவன் வீட்டிலும் எட்டும் முப்பத்தொன்றும் ஓசையின்றி நடந்தேறின. வமிசாவளியென்று நாம் பெருமையோடு விரிக்கும் மரத்திலும் ஆண்கிளைகளே தடித்திருக்கும்; பெண்கிளைகள் ஒரு பெயரோடு முடிந்துவிடும்.

இனிக் குடிசன மதிப்பீடு. தலையெண்ணும் வழக்கம் இந்நாட்டில் புதிதன்று. ஒல்லாந்தர் நிலத்துக்கும் தலைக்கும் தோம்பு எழுதினர். வன்னிமைகளோ அவர்களுக்கு ஆண்டுதோறும் யானைகளைத் திறையாக இறுக்கக் கடமைப்பட்டிருந்தன. பனங்காமம் எத்தனை யானை தரவேண்டும், முள்ளியவளை எத்தனை தரவேண்டும் என்னும் கணக்கு அவர்தம் ஏடுகளில் உண்டு. யானைக்கு இருந்த கணக்கு அதனைப் பிடித்துக் கட்டியவனுக்கு இருக்கவில்லை. ஆங்கிலேயர் 1824ஆம் ஆண்டில் கரையோர மாகாணங்களில் எடுத்த கணக்கு மக்களைச் சாதிவாரியாகப் பிரித்தது. அன்று வடபகுதியிலே அடிமை முறை சட்டத்துக்கு உட்பட்டே நிலவியது; 1844ஆம் ஆண்டிலேயே அது முற்றாக ஒழிக்கப்பட்டது. ஆகவே நம்முள் சிலர் தம் முன்னோரைத் தேடிச் சென்றால் அவர்களை உழவராகவன்றி இன்னொருவரின் உடைமையாகவே ஏட்டிற் காண நேரும். வமிசப் பெருமை பேசுவோர் இவ்வேட்டைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

முறையான குடிசன மதிப்பீடு 1871ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அறிக்கைகளில் ஊர்களின் பெயர் உண்டு, ஆண் இத்தனை, பெண் இத்தனை என்னும் தொகை உண்டு, ஆட்பெயர் கிடையாது. ஓர் ஊரைப் பத்தாண்டுக்கொரு முறை பின்தொடரலாம். ஒரு குடும்பத்தைப் பின்தொடர இயலாது. எனினும் தொகைகளுக்கும் ஒரு மொழி உண்டு. 1946ஆம் ஆண்டில் வவுனியா மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 23,000 பேர். முல்லைத்தீவும் அன்று அம்மாவட்டத்தைச் சார்ந்ததே. 1953இல் அத்தொகை 35,000ஐத் தாண்டிற்று. 1963இல் 68,000ஐயும் தாண்டிற்று. பதினேழு ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறக்குறைய மும்மடங்காயிற்று. 1946ஆம் ஆண்டளவில் நாடெங்கும் தெளிக்கப்பட்ட டீ.டீ.ரீ. மருந்து மலேரியாவை அடக்கியது ஒரு காரணம். குளங்கள் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் அமைந்தது மற்றொரு காரணம்.

அக்குடியேற்றங்களின் கதை கனகராயன் ஆற்றிலே தொடங்குகின்றது. அவ்வாற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதன் நீரை நம்பி 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்றோரும் குறுநிலத்தோரும் கிளிநொச்சிக்கு வந்தனர். பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகியவை திருத்தப்பட்டன. விசுவமடுவிலே படித்த வாலிபர் குடியேறினர். பாம்புக்கும் யானைக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சாது பரண்மேற் கிடந்து பயிர் காத்த அவர்களை முன்னோடிகள் என்கின்றோம். அஃது உண்மையே. ஆனால் காட்டை வெட்டிச் சென்றவன் கண்டது என்ன? பல இடங்களில் உடைந்த குளக்கட்டையும், பழைய துருசின் கற்களையும், மரங்கள் மூடிய வயல் வரம்பையும் கண்டான். அவனுக்கு முன்னரும் ஒருவன் அங்கே உழுதிருந்தான். மேலும் ஆங்காங்கே சிற்றூர்களில் பழங்குடிகள் குளத்தைக் காத்து வாழ்ந்தே வந்தனர். முன்னோடி என்பவன் முதல்வன் அல்லன். அறுந்த கயிற்றை மீண்டும் முடிந்தவன்.

முன்னோரைத் தேடுதல் ஓய்வு நேரப் பொழுதுபோக்கெனச் சிலர் எண்ணக்கூடும். வன்னியில் அஃது உரிமைப் போராட்டம்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை நினைவுகூர்வோம். இலங்கையிற் பிறந்த ஒருவன் வழிவழிப் பிரசையாவதற்குத் தன் தந்தை இங்கே பிறந்தான் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்டவேண்டும் என அது விதித்தது. பிறப்பு இறப்புப் பதிவு இந்நாட்டில் ஒழுங்குபெறத் தொடங்கியது 1867ஆம் ஆண்டில். அன்று நாற்பது வயதான தொழிலாளி ஒருவனின் பூட்டன் அதற்கு நெடுநாள் முன்னரே பிறந்திருப்பான். இல்லாத ஏட்டிலிருந்து சான்று கொண்டுவா என்று அரசு கேட்டது. அத்தாளைக் காட்டமுடியாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு முடிவு காணப் பல சட்டங்கள் வேண்டியிருந்தன; 2003ஆம் ஆண்டுச் சட்டமே இறுதியில் வழி திறந்தது.

அம்மக்களுள் ஒரு பகுதியினர் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வன்னிக்கு வந்தனர். காந்தீயம் போன்ற இயக்கங்கள் அவர்களுக்குத் துணைநின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையிலே இறங்கி, வன்னியை ஒட்டிய காட்டுப்பாதையால் மாத்தளைக்கு நடந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. நடந்து சென்றவனின் பேரர் அதே காட்டுக்குத் திரும்பி அதனை வயலாக்கினர். கிளிநொச்சி மண்ணுக்கு அவர்களைவிட நெருங்கிய உறவினர் யார்? ஆயினும் அவர்களுட் பலர் காணி அனுமதிப் பத்திரமின்றியே பல்லாண்டு உழுதனர்.

அனுமதிப் பத்திரம் என்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழி வந்தது. குடியேற்றக்காரனின் உண்மையான வமிசாவளி அதுவே. அவன் பெயரும் அவனுக்குப் பின் காணியை அடைவோன் பெயரும் அதில் இருக்கும். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்துச் சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன் மகனை நிறுத்திற்று. தந்தையோடு களை பிடுங்கிய மூத்த மகள் வரிசையிலே பின்னுக்குத் தள்ளப்பட்டாள். 2022ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வேற்றுமையை நீக்கிற்று.

பின்னர் வந்த அழிவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1984ஆம் ஆண்டில் தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் ஆகிய ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதற்கு முன்னைய தண்ணிமுறிப்பு வாழ்வை அறிய விரும்புவோன் பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலை நாடவேண்டியிருக்கின்றது. ஏடு தவறவிட்டதை இலக்கியம் காத்தது. 1991இல் நாட்டிற் குடிசன மதிப்பீடே நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது வடக்கின் பெரும்பகுதி எண்ணப்படவில்லை. 2012இல் மீண்டும் எண்ணினர். 1981க்கும் 2012க்கும் இடையே ஒரு தலைமுறை பிறந்தது, இடம்பெயர்ந்தது, மடிந்தது. அது முழுவதும் ஏட்டிலே வெற்றிடமாகவே உளது. 2009ஆம் ஆண்டுப் போரின் இறுதியில் உறுதியும் பத்திரமும் பிறப்புச் சான்றும் பதுங்குகுழிகளிலே மண்ணாயின. துயிலும் இல்லங்களின் கல்லறைகளும் இடித்து நிரவப்பட்டன. கல்லறையே இல்லாதிருந்த வன்னியில் முதன்முதலாக உழவர் பிள்ளைகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் அங்கேதான் எழுந்தன. அவர்கள் ஏந்திய அரசியலைப்பற்றி யார் எக்கருத்துக் கொள்ளினும், பிள்ளையின் பெயரைத் தடவி அழத் தாய்க்கு ஒரு கல் வேண்டும் என்பதை மனிதர் எவரும் மறுக்கமாட்டார்.

காணாமற்போனோரின் குடும்பங்களுக்கோ ‘இறந்தார்’ என்ற சொல்லை ஏற்கவும் இயலவில்லை. அச்சொல் இல்லையேல் காணி பெயர்மாறுவதும் கடினமாயிற்று. 2010ஆம் ஆண்டுச் சட்டம் இறப்பைப் பதியும் வழியை எளிதாக்கிற்று. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ‘காணக்கிடைக்கவில்லை’ என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளித்தது. கணவன் பெயருக்கெதிரே எச்சொல்லை எழுதுவதென்று கச்சேரி வாசலிலே நின்று தீர்மானிக்க வேண்டியவளாயினாள் ஓர் உழவன் மனைவி. வமிசாவளியின் மிகக் கொடிய வரி அதுவேயாகும்.

ஆகவே நாம் என்ன செய்யலாம்? ஒல்லாந்தர் காலத்திலே பிறப்பும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. எழுதியவர் பாடசாலை ஆசிரியர். அன்று அவர் எசமானருக்காக எழுதினார். இன்று ஆசிரியராகிய நாம் மக்களுக்காக எழுதலாம். எஞ்சியுள்ள பழைய சேர்விடாப்புகளில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த திகதி, ஊர் ஆகியவை உள்ளன. சம்பவத்திரட்டுப் புத்தகங்களில் வெள்ளம், காய்ச்சல், இடப்பெயர்வு ஆகியவை உள்ளன. இவற்றைக் கறையானுக்கு இரையாக்காது படியெடுத்தல் முதற்பணி.

இரண்டாம் பணி வகுப்பறையிலே உளது. மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிவருமாறு மாணவரைக் கேட்டோம். தந்தைவழிப் பாட்டன் பெயரைப் பெரும்பாலோர் எழுதினர். பாட்டியின் தாய் பெயரை எழுதியோர் மிகச் சிலர். மீண்டும் அனுப்பினோம். இம்முறை சாதியையோ குலப்பெருமையையோ எழுதவேண்டா என்றோம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த ஆண்டு, எந்தக் குளத்தின் கீழ், காட்டை வெட்டியவர் யார், முதல் விதைநெல்லைக் கொடுத்தவர் யார் என்பவற்றை மட்டும் கேட்டு வரச் சொன்னோம். அப்பொழுதுதான் வீட்டு மூலையிலிருந்த பாட்டிமார் வாய் திறந்தனர்.

கொப்பிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலே பெயர்களும் இருக்கின்றன, பெயர் தெரியாத இடங்களும் இருக்கின்றன. பெயர் தெரியாத இடத்திலே கோடிட்டு விடுமாறு கூறியுள்ளோம். அக்கோடும் வன்னியின் வரலாறுதான். நிரப்ப முயலும் ஒவ்வொரு கையும் அதனை எழுதுகின்றது.