பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். போன மாதம் அங்கே ஒரு காரைப் பார்த்தேன். சிவப்பு நிற பியட் பாலியோ, 1.6 ஜிடிஎக்ஸ், 2002-ல் பதிவானது. முன்சக்கரங்கள் இல்லாமல் செங்கல் மேல் நின்றது.

"எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க சார்" என்றார் மெக்கானிக்.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நாள்தோறும் புதுக் கார்கள் பிறக்கின்றன. அவற்றுக்கு நடுவே பழைய கார் ஒன்று சாவது யாருக்கும் பெரிதாகப் படாது. எனக்குப் பட்டது. அதன் குலம் கோத்திரம் எனக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம்.

1974-ல் ஜெர்மனியில், போக்ஸ்வாகன் கம்பெனியில் ஒரு சிலர், மேலிடத்துக்குத் தெரியாமல் ஒரு காரியத்தில் இறங்கினார்கள். கோல்ப் என்ற குடும்பக் காருக்கு வேகத்தை ஊட்டிப் பார்க்கும் காரியம். 1975-ல் பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு வந்தது. 1976-ல் விற்பனைக்கு வந்தது. 1,600 சி.சி., 110 குதிரைசக்தி, எடை சுமார் 800 கிலோ. ஐயாயிரம் வண்டி போனால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் போயிற்று. மளிகை சாமான் ஏற்றும் வண்டியே மலைப்பாதையில் பந்தயக் குதிரையாகும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

1984-ல் பிரான்ஸிலிருந்து பெஜோ 205 ஜிடிஐ வந்தது. முதலில் 105 குதிரைசக்தி, 1986-ல் 1.9 லிட்டர் இன்ஜினுடன் 130. கோல்ப் நிதானஸ்தன், தப்புச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். பெஜோ முன்கோபி. வளைவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். தினசரி ஓட்டக் கோல்ப். ஓட்டத் தெரிந்தவனுக்குப் பெஜோ. இது என் அபிப்பிராயம்.

நம் பாலியோ இவற்றுக்கு எந்த வகையில் உறவு? முதல் கோல்பை வரைந்த இத்தாலியர் ஜுஜாரோவே பாலியோவின் முகத்தையும் திருத்தி வரைந்தவர். அந்தத் திருத்திய உருவம்தான் 2001-ல் இந்தியாவுக்கு வந்தது. ஜிடிஎக்ஸுக்கு 100 குதிரைசக்தி. கோல்பைவிடக் கனம், வேகத்தில் அதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணச் சம்பளக்காரன் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில் அந்த வம்சத்துப் பிள்ளை ஒன்று நம் ஊருக்கு வந்தது அப்போதுதான். நம்மவர்கள் கேட்ட முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" அந்தக் கேள்வியில் அது தோற்றது.

ஐரோப்பாவில் பழைய கோல்பையும் பெஜோவையும் சேகரிப்பவர்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். இங்கே பதினைந்து வருஷமானால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருஷத்துக்கொரு முறை. 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வருஷமாகி, உரு மாறாமல் இருந்தால்தான் 'விண்டேஜ்' என்ற மரியாதை. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே காரைக் காப்பாற்றுவது சட்டமல்ல; யாரோ ஒரு மனிதனின் பிடிவாதம்தான். கோல்பும் பெஜோவும் பிழைத்தது அப்படிப் பிடிவாதக்காரர்கள் கிடைத்ததால். தராசுக்கு ஜுஜாரோவின் கோடும் ஒன்றுதான், பழைய இரும்புக் கட்டிலும் ஒன்றுதான்.

இந்தப் பாலியோவுக்கு 2052-ல் ஐம்பது வயது. அப்போது எனக்கு எழுபத்திரண்டு.

மெக்கானிக்கை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.