கலைப் பொம்மைகளின் வரலாறு

கலைப் பொம்மை என்பது ஓவியரோ வடிவமைப்பாளரோ தாமே உருவாக்கிக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் உருவப் பொம்மை ஆகும். பெரும்பாலும் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. விளையாடுவதற்காக அல்லாமல் அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகவே பெரியவர்கள் இதை வாங்குகிறார்கள்.

இக்கலை ஹாங்காங்கில் வேர்பிடித்ததற்குக் காரணம் உண்டு. பல பத்தாண்டுகள் உலகக் கடைகளுக்குப் பொம்மை செய்து அனுப்பிய ஊர் அது. உழைப்பு அவ்வூருடையது, உருவங்களோ பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. ஓவியர் மைக்கேல் லாவ் 1990களின் இறுதியில் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற அமெரிக்கப் படைவீரர் பொம்மையை எடுத்து, தலையை மாற்றி, சீருடையைக் கழற்றி, தொளதொளத்த காற்சட்டையும் ஸ்கேட் பலகையும் கொடுத்துத் தம் ஊர்த் தெரு இளைஞராக்கினார். ‘கார்டனர்’ என்ற அவ்வரிசையின் 12 அங்குலப் பொம்மைகள் 99, 1999-இல் ஹாங்காங் கலை மையத்தில் காட்சிக்கு வந்தன. பிறர் உருவங்களை வார்த்துக் கொடுத்த ஊர் தன் முகத்தையே பொம்மையாக்கிக்கொண்டது. இவ்வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

அமெரிக்கப் பாப் கலையிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. ஆண்டி வார்ஹோல் 1962-இல் சூப் டப்பாக்களை ஓவியமாக்கினார். கீத் ஹேரிங் 1986-இல் நியூயார்க்கில் ‘பாப் ஷாப்’ திறந்து, தம் ஓவியங்களைச் சட்டையிலும் பேட்ஜிலும் அச்சிட்டு எளியோரும் வாங்கும்படி விற்றார். அவ்வழியில் வந்த ‘காவ்ஸ்’ என்னும் பிரையன் டானலி, 1999-இல் டோக்கியோவின் பவுண்டி ஹன்டர் நிறுவனத்துடன் ‘கம்பானியன்’ பொம்மையை வெளியிட்டார். மிக்கி எலியை நினைவூட்டும் உடல், கண்களின் இடத்தில் பெருக்கல் குறிகள். 500 பொம்மைகள் மட்டுமே. இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2019 ஏப்ரலில் அவருடைய ஓவியம் ஒன்று ஹாங்காங்கில் 11 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஹேரிங் எண்ணியது இதுவன்று.

ஜப்பானிய முறையில், மெழுகு உருவத்தின்மேல் மின்முலாம் வழியாகத் தாமிரம் படியவைத்து, மெழுகை உருக்கி நீக்கினால் அச்சு கிடைக்கும். அதில் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்கினால் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் இறுகும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, விறைப்பதற்குள் இடுக்கியால் இழுத்தெடுப்பார்கள். உள்ளே வெற்றிடம்தான்.

2002-இல் தொடங்கிய கிட்ரோபாட் நிறுவனத்தின் ‘மன்னி’ முகமே இல்லாத வெள்ளைப் பொம்மை, வாங்குபவரே வரைந்துகொள்ளலாம். பள்ளி ஓவிய வகுப்புக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. முதலில் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிட வேண்டும். எனாமல் வண்ணம் வினைலின்மேல் நெடுநாள் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.