ரெங்கா அவை ஒழுங்கு

ரெங்கா என்பது பலர் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் சொன்ன செய்யுளை மற்றவர் தொடர்ந்து பாடும் ஜப்பானியத் தொடர்கவிதை. 17 அசைச் செய்யுளும் 14 அசைச் செய்யுளும் மாறி மாறி வரும். 100 செய்யுள் கொண்ட தொடரே இதன் முதன்மை வடிவம். கூட்டுப் படைப்பு என்பதால், எந்தச் செய்யுளை ஏற்பது, எதை மறுப்பது, மறுக்கும் உரிமை யாருக்கு என்ற பூசல்கள் இதில் தொடக்கம் முதலே இருந்தன.

பூசல்

14ஆம் நூற்றாண்டில் ரெங்கா பிரபுக்களின் மாளிகைகளிலும், பொதுமக்கள் கூடிய செர்ரி மரத்தடிகளிலும் ஒருங்கே பாடப்பட்டது. கியோட்டோவிலும் காமகுராவிலும் வெவ்வேறு மரபுகள் வழங்கின. 1334 அளவில் கியோட்டோவின் நிஜோ ஆற்றங்கரையில் வெளியான பெயரற்ற அங்கதப் பாடல், இரு மரபுகளும் கலந்து குழம்பியதையும், நடுவர் ஆகாதவரே இல்லை என்ற நிலையையும் கேலி செய்தது.

விதிகள்

அரசவையின் மிக உயர்ந்த பதவிகளை வகித்த நிஜோ யோஷிமோதோ, பிரபு குலத்தைச் சேராத குசாய் என்ற துறவியிடம் ரெங்கா பயின்றார். இருவரும் 1356இல் 'த்சுகுபாஷூ' தொகை நூலை உருவாக்கினர். 1372இல் யோஷிமோதோ விதிகளை ஒழுங்குபடுத்தி 'ஓஆன் ஷின்ஷிகி'யை வகுத்தார். வசந்தம் அல்லது இலையுதிர்காலம் பாடத் தொடங்கினால் குறைந்தது 3 செய்யுளாவது அதில் நிற்க வேண்டும். 5ஐத் தாண்டக் கூடாது. ஒரு செய்யுள் தனக்கு முந்தியதோடு இணைய வேண்டும். அதற்கும் முந்தியதன் பொருளுக்குத் திரும்பக் கூடாது.

அவை மரியாதை

முதற்செய்யுள் தலைமை விருந்தினருக்கும் இரண்டாவது வீட்டாருக்கும் உரியது. அவையை 'சோஷோ' என்ற ஆசான் நடத்தினார். 'ஷுஹித்சு' என்ற எழுத்தர் ஒவ்வொரு செய்யுளையும் விதியோடு ஒப்பிட்டார். விதி மீறிய செய்யுள் ஏட்டில் ஏறாமல் பாடியவரிடமே திரும்பியது. எல்லோரும் முன்பே அறிந்த விதி காரணமாக இருந்ததால், மறுப்பு ஆளைச் சாராமல் செய்யுளைச் சார்ந்தது. உயர்ந்தோரும் எளியோரும் ஒரே அவையில் பாட இது வழிசெய்தது.

பிற்காலம்

1501இல் ஷோஹாகு இவ்விதிகளைத் திருத்தி விரித்தார். 1893இல் மசாஓகா ஷிகி, முதற்செய்யுளே இலக்கியம், தொடர்கவிதை இலக்கியம் அல்ல என்று வாதிட்டார். தனித்து நின்ற முதற்செய்யுள் ஹைக்கூ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அதை ஈன்ற அவையும் அதன் மரியாதைகளும் பெரும்பாலும் மறக்கப்பட்டன.