ஒரு சோறு பதமாகாத ஆறு - ஹட்ஸன் நதியின் சேறும் நீரும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் நம்மவர்கள். பானை முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில் வேகிறது. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். ஆற்றின் அடியில் கிடக்கும் சேற்றுக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. பத்தடி தள்ளி எடுத்த சேறு வேறொன்றைச் சொல்லும். ஒரு முழம் ஆழத்தில் எடுத்தது வேறொரு காலத்தைச் சொல்லும். எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழம்வரை மாதிரி எடுப்பது என்ற கேள்வி ஒரு நதியின் தலைவிதியையே மாற்றிவிடலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓடும் ஹட்ஸன் நதி அதற்குச் சிறந்த உதாரணம்.

நதியும் நஞ்சும்

ஹட்ஸனின் மேற்பகுதியில் ஹட்ஸன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என்ற இரு சிற்றூர்கள் உள்ளன. அங்கிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்தேக்கித் தொழிற்சாலைகளிலிருந்து ஏறத்தாழ 1947 முதல் 1977 வரை பிசிபி எனப்படும் குளோரின் கலந்த எண்ணெய் ஆற்றில் கலந்தது. அதன் அளவு 13 லட்சம் பவுண்டு வரை, அதாவது சுமார் 590 டன் இருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. 1973ல் ஃபோர்ட் எட்வர்டில் இருந்த பழைய அணை அகற்றப்பட்டது. அதன் பின்னால் தேங்கியிருந்த நச்சு வண்டல் கீழ்நோக்கிப் புறப்பட்டது. 1976ல் மேல் ஹட்ஸனில் மீன்பிடித்தல் தடை செய்யப்பட்டது. 1984ல் நியூயார்க் நகரின் தென்முனை வரையிலான சுமார் 320 கிலோமீட்டர் நீளம், நாட்டின் மிக மோசமான மாசுத்தளங்களின் பட்டியலில் சேர்ந்தது.

நீர் தெளிவாகத்தானே ஓடுகிறது, சேற்றை ஏன் தோண்ட வேண்டும் என்று கேட்கலாம். பிசிபி நீரில் மிகச் சொற்பமாகவே கரையும். நுண்ணிய களிமண்ணிலும் மக்கிய இலைதழைகளிலும் ஒட்டிக்கொள்ளும். சேற்றுப்புழுவிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் சென்று கொழுப்பில் சேர்ந்து பெருகும். நீரை மட்டும் அளப்பவருக்கு இது முழுமையாகத் தெரியாது.

மாதிரி எடுக்கும் முறை

மேல்மட்டச் சேறு மட்டும் வேண்டுமென்றால், இரு தாடைகள் கொண்ட எஃகு வாளியைக் கயிற்றில் இறக்குவார்கள். அடியைத் தொட்டதும் தாடைகள் மூடிச் சேற்றைக் கவ்வும். ஆழம் தெரிய வேண்டுமானால் நீண்ட குழாய் தேவை. அதிரும் மோட்டார் பொருத்திய குழாயைச் சேற்றில் செருகி, அடுக்கு குலையாமல் உருவி எடுத்துத் துண்டு துண்டாக நறுக்குவார்கள்.

இந்தத் துண்டுகள் ஒரு நாட்காட்டி போன்றவை. வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 என்னும் கதிரியக்கத் தூசு 1954 வாக்கில் வண்டலில் தென்படத் தொடங்கி 1963ல் உச்சத்தை எட்டியது. குழாயில் அந்த உச்சம் எந்த அடுக்கில் இருக்கிறதோ அது 1963ன் சேறு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமாண்ட் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் இம்முறையில்தான் ஹட்ஸன் வண்டலின் வயதைக் கணித்தார்கள்.

நீர் மாதிரிக்கு வேறு பக்குவம். பிசிபி போன்ற கரிமப் பொருள்களுக்குக் கண்ணாடிப் புட்டி. உலோகங்களுக்கு அமிலம் சேர்த்த பிளாஸ்டிக் புட்டி. கரைந்திருப்பது எவ்வளவு, மிதக்கும் துகளில் ஒட்டியிருப்பது எவ்வளவு என்று வடிகட்டிப் பிரிக்க வேண்டும். கூடவே தூய நீர் நிரப்பிய ஒரு வெற்றுப் புட்டியும் பயணம் செய்யும். அதில் நஞ்சு தென்பட்டால் குற்றம் ஆற்றினுடையதல்ல, எடுத்த கையினுடையது. வெள்ள நாட்களை விட்டுவிட்டு அமைதியான நாட்களில் மட்டும் எடுத்தால் கணக்கு பொய்த்துவிடும். ஆறு தன் வண்டலில் பெரும்பகுதியைச் சுமப்பது அந்தச் சில நாட்களில்தான்.

மரக்கட்டைகள் மறைத்த உண்மை

புதிய வண்டல் மேலே படிந்து நஞ்சை மூடிவிடும், கிளறாமல் விடுவதே நல்லது என்று ஒரு தரப்பு பல ஆண்டுகள் வாதாடியது. இறுதியில் ஃபோர்ட் எட்வர்டுக்கும் ட்ராய் நகருக்கும் இடைப்பட்ட 40 மைல் நீளத்தில் தூர்வார 2002ல் முடிவாயிற்று. பல ஆயிரம் குழாய் மாதிரிகளைக் கொண்டு எங்கே, எவ்வளவு ஆழம் வார வேண்டும் என்று வரைபடம் தயாரித்தார்கள்.

2009ல் வேலை தொடங்கியதும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பல இடங்களில் நஞ்சு வரைபடம் காட்டியதைவிட ஆழமாக இருந்தது. மரம் அறுக்கும் ஆலைகள் நிறைந்திருந்த அந்தப் பகுதியின் ஆற்றடியில் மரக்கட்டைகளும் சிம்புகளும் புதைந்து கிடந்தன. குழாய் அவற்றில் முட்டி நின்ற இடங்களில் உண்மையான அடி எட்டப்படவே இல்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வார வேண்டியதாயிற்று. திட்டமிட்ட 18 பகுதிகளில் 10 மட்டுமே அவ்வாண்டு முடிந்தன. ஆனால் வாரிய சேறோ திட்டமிட்டதைவிட அதிகம். கிளறிய சேற்றால் நீரில் பிசிபி அளவு குடிநீர் வரம்பான லிட்டருக்கு 500 நானோகிராமைத் தாண்டியபோது வேலையைச் சிறிது காலம் நிறுத்தினார்கள். ஆற்று நீரைக் குடித்துவந்த வாட்டர்ஃபோர்ட், ஹாஃப்மூன் ஊர்களுக்கு ட்ராய் நகரிலிருந்து மாற்றுக் குடிநீர் வந்தது. பாடம் கற்று, 2011 முதல் 2015 வரை இரண்டாம் கட்டம் நடந்தது. மொத்தம் சுமார் 21 லட்சம் கனமீட்டர் சேறு அகற்றப்பட்டது.

துறைமுகத்தில்

ட்ராய் வரை கடல் ஏற்றவற்றம் ஏறி வருவதால், இருபுறமும் ஓடும் ஆறு என்ற பொருளில் பழங்குடியினர் ஹட்ஸனை அழைத்ததாகச் சொல்வார்கள். மேலிருந்து வரும் நுண்வண்டல் கப்பல் துறைகளின் அசைவற்ற நீரில் படிகிறது. கப்பல் வர அதை வார வேண்டும். வாரியதைக் கடலில் கொட்டலாமா என்பதற்கு ரசாயன அளவு மட்டும் போதாது. இறால் இனத்துக்கு உறவான சிற்றுயிர்களை அந்தச் சேற்றில் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்றும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

தூர்வாரிய வேலை முடிந்தது என்று 2019ல் சான்றிதழ் தரப்பட்டது. ஆயினும் நதி பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்ல, இன்னும் பல ஆண்டுகள் மீன்களைச் சோதிக்க வேண்டும் என்று அதே அமைப்பு கூறியது. மேல் ஹட்ஸனில் இன்றும் தூண்டில் போடலாம். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். அந்த மீன் எப்போது ஒரு வீட்டுக் குழம்புச் சட்டிக்குப் போகலாமோ, அப்போதுதான் சேற்றின் கணக்கு முடியும்.