ஒரு தேர்தலும் ஒரு வாக்குறுதியும்

கானடாவின் மேற்குச் சமவெளியில் கோதுமைக்குப் பெயர்பெற்ற மாகாணம் சஸ்காச்சுவன். 1930-களில் நேர்ந்த வறட்சியும் விலை வீழ்ச்சியும் அம்மாகாண உழவர்களைக் கடனில் ஆழ்த்தின. நோய் கண்டால் வைத்தியருக்குக் கொடுக்கப் பணமின்றி வருந்திய குடும்பங்கள் பல. உழவரும் தொழிலாளரும் சேர்ந்து அமைத்த கூட்டுறவுக் காமன்வெல்த் கட்சி 1944-இல் அங்கு ஆட்சிக்கு வந்தது. சமயப் போதகராயிருந்த டாமி டக்ளஸ் முதன்மந்திரியானார்.

டக்ளஸுக்குச் சிறுவயதில் கால் எலும்பில் நோய் கண்டது. பெற்றோர் வசதியற்றவர்கள், காலை எடுத்துவிடும் நிலை ஏற்பட்டது. வின்னிபெக் நகரத்து அறுவை வைத்தியர் ஒருவர், தம் மாணாக்கர் உடனிருந்து கற்க இசைந்தால் ஊதியமின்றிச் சிகிச்சை செய்வதாகக் கூறினார். கால் பிழைத்தது. ஏழைச் சிறுவனின் நலம் இத்தகைய தற்செயலையே நம்பியிருத்தல் தகுமா என்னும் கேள்வி அவரை விட்டு நீங்கவில்லை.

1947-இல் மாகாண மக்களனைவருக்கும் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் திட்டம் தொடங்கிற்று. வைத்தியரின் கட்டணம் மட்டும் எஞ்சி நின்றது. அதனையும் அரசே ஏற்கும் என்று 1959 டிசம்பரில் டக்ளஸ் வானொலி வாயிலாக அறிவித்தார். 16 ஆண்டுகள் ஆண்ட கட்சி, பழைய சாதனைகளைக் காட்டி வாக்குக் கேட்டிருக்கலாம். அது அவ்வாறு செய்யாமல், ஒரு புதிய திட்டத்தையே மக்கள் முன் வைத்தது.

1960 ஜூன் 8-ஆம் நாள் தேர்தல் நடைபெற்றது. வைத்தியர் சங்கம் திட்டத்தை எதிர்த்துத் தீவிரமாகப் பிரசாரம் செய்தது. ஆளுங்கட்சி 37 இடங்களையும் லிபரல் கட்சி 17 இடங்களையும் பெற்றன. ஆயினும் ஆளுங்கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 41 அளவே. மக்கள் ஆணை கிடைத்ததென்றது அரசு; பெரும்பான்மையோர் வேறு கட்சிகளுக்கே வாக்களித்தனர் என்றனர் எதிர்த்தோர். இரண்டும் மெய்யே. பூசலின் வேர் அங்கேயே இருந்தது.

1961 நவம்பரில் சட்டம் நிறைவேறிற்று. அதே மாதம், புதிய ஜனநாயகக் கட்சியின் தலைமையேற்றிருந்த டக்ளஸ் மாகாணப் பதவியை விட்டு நீங்க, உட்ரோ லாயிட் முதன்மந்திரியானார். 1962 ஜூலை 1-இல் திட்டம் தொடங்கிய அன்றே வைத்தியர்களில் பெரும்பாலோர் மருத்துவ நிலையங்களை மூடினர். அவசரச் சிகிச்சை மட்டும் சில ஆஸ்பத்திரிகளில் நடந்தது. அரசு பிரிட்டனிலிருந்து வைத்தியர்களை வரவழைத்தது. இங்கிலாந்தின் டெய்லர் பிரபு நடுநின்று பேசியதன் பயனாக, 23-ஆம் நாள் சஸ்கட்டூன் நகரில் உடன்பாடு ஏற்பட்டது. திட்டம் நிலைத்தது, கட்டணம் பெறும் முறையில் வைத்தியர்க்குச் சில உரிமைகளும் கிடைத்தன.

அரசு இதற்கு விலை கொடுத்தது. 1964-ஆம் ஆண்டுத் தேர்தலில் 20 ஆண்டு ஆட்சி முடிவுற்றது. ஆனால் வென்ற லிபரல் கட்சி, தான் எதிர்த்த திட்டத்தை ஒழிக்கவில்லை. மக்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டுவிட்டனர். 1966-இல் கானடாப் பாராளுமன்றம் இத்தகைய திட்டத்துக்கு நிதியுதவி அளிக்கும் சட்டத்தை இயற்றிற்று. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் அதில் சேர்ந்தன.

நெடுங்காலம் ஆண்ட கட்சி மீண்டும் வெல்வது அரிய செய்தியன்று. தோல்வியை விளைக்கக்கூடிய வாக்குறுதியை முன்னரே மக்களிடம் சொல்லி வென்று, பின்னர் அதற்காகவே ஆட்சியைப் பணயம் வைத்ததே 1960-ஆம் ஆண்டுத் தேர்தலைச் சரித்திரத்தில் நிறுத்திற்று. ஆட்சி போயிற்று, வாக்குறுதி நின்றது.